போர்வெல் தண்ணீர் எவ்வளவு கடினம்? சோப்புத் துளியை எண்ணிப் பாருங்கள்

குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவி மழைநீரில் கரைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி இரண்டு பாட்டில்களில் பாதி வரை, ஒன்றில் போர்வெல் தண்ணீர், இன்னொன்றில் மழைநீர். இரண்டிலும் சோப்புக் கரைசலைத் துளித்துளியாக விட்டுக் குலுக்குங்கள். நுரை நிலைத்து நிற்க போர்வெல் தண்ணீருக்கு எவ்வளவு துளி கூடுதலாகப் பிடிக்கிறதோ, அவ்வளவு கடினம்.

நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் முதலில் சோப்பைப் பிடித்துத் திரிதிரியாக்கிவிடும். அவை தீர்ந்த பிறகுதான் நுரை வரும். அதே தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறித் தெளிந்ததும் மறுபடி எண்ணுங்கள். துளி நன்றாகக் குறைந்தால் அது தற்காலிகக் கடினத்தன்மை. குறையவில்லையென்றால் கொதிக்கவைத்துப் பயனில்லை. சாஃப்ட்னருக்கு (கடினத்தன்மையை நீக்கும் கருவி) பணம் கட்டும் முன் இதை அவசியம் செய்து பாருங்கள்.

சோப்புக்குப் பதில் ஷாம்பூவோ துணிப்பவுடரோ வேண்டாம், அவை கடின நீரிலும் நுரைக்கும்.

நிலத்தடி நீரில் கரைந்திருந்து, அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ஃப்ளூரைடுக்கு இந்தச் சோதனை உதவாது. அதற்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை, டிடிஎஸ் மீட்டரும் (நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கருவி) தனியாகக் காட்டாது, கொதிக்கவைத்தாலும் போகாது. ஃப்ளூரைடு அதிகம் காணப்படும் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்கள், வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் ஆய்வகச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் அலசிய பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். முடிவில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில்கூட 1.5-ஐத் தாண்டக் கூடாது.