பெல் ராக் கலங்கரை விளக்கத்தைக் காணச் செல்பவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஆர்ப்ரோத் நகரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில் கடலுக்கு நடுவே நிற்கும் பெல் ராக் கலங்கரை விளக்கத்தைக் காணத் திட்டமிடுபவர், முதலில் கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டே நாள் குறிக்க வேண்டும். கோபுரத்தைத் தாங்கும் பாறைத்திட்டு நீர் ஏறும்போது முழுவதும் மூழ்கிவிடும். நீர் வற்றும்போது சிறிது நேரமே தலைகாட்டும். அமாவாசை அல்லது பௌர்ணமியை அடுத்த ஓரிரு நாட்களில் நீர் நன்றாக வற்றுவதால் பாறையையும் சேர்த்துப் பார்க்கலாம்.

அங்கே கட்டடம் எழுப்பியவர்களையும் இந்த ஓதமே ஆட்டிவைத்தது. 1804இல் 'யார்க்' என்னும் போர்க்கப்பல் 491 பேருடன் அழிந்ததும் (இப்பாறையில் மோதியதாகவே கருதப்படுகிறது), கலங்கரை விளக்கம் வேண்டுமென்ற கோரிக்கை வலுத்தது. 1807 ஆகஸ்டில் பொறியாளர் ராபர்ட் ஸ்டீவன்சன் வேலையைத் தொடங்கியபோது, ஒரு வற்றத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரமே கிடைத்தது. மழுங்கிய உளிகளைத் தீட்டப் பாறையிலேயே உலை மூட்டிய கொல்லர், முகத்தில் அனலும் முழங்கால்வரை குளிர்நீருமாக நின்று வேலை செய்தார். கற்கள் ஆர்ப்ரோத்திலேயே செதுக்கப்பட்டு, தச்சர் மரத்தைப் பொருத்துவதுபோல ஒன்றையொன்று கவ்வும்படி அடுக்கப்பட்டன. 1811 பிப்ரவரி 1 அன்று விளக்கு எரிந்தது. தலைமைப் பொறியாளர் ஜான் ரென்னிக்கு இதில் எவ்வளவு பங்கு என்ற சர்ச்சை மட்டும் இரு குடும்பங்களுக்கிடையே அடுத்த தலைமுறைவரை நீண்டது.

எடின்பரோவிலிருந்து அபர்தீன் செல்லும் ரயிலில் ஆர்ப்ரோத்தில் இறங்கலாம். படகேறும் முன் துறைமுகத்தருகே உள்ள சிக்னல் டவர் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுவது நல்லது. 1813இல் கட்டப்பட்ட அந்த வளாகத்தில்தான் கலங்கரை விளக்கக் காவலர்களின் குடும்பங்கள் வாழ்ந்தன. அங்கே குழந்தை பிறந்தால், கடலிலிருக்கும் தந்தைக்குத் தெரிவிக்க, ஆணென்றால் காற்சட்டையையும் பெண்ணென்றால் பாவாடையையும் கொடிமரத்தில் ஏற்றினார்களாம்.

கோடையில் படகுகள் செல்கின்றன. ஆனால் காற்று வலுத்தால் பயணம் ரத்தாகும் என்பதால் ஒரு நாளைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். 1988 முதல் ஆளின்றித் தானியங்கியாக இயங்கும் கோபுரத்துக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை. படகிலிருந்தபடியே சுற்றிப் பார்க்க வேண்டியதுதான். கோடையிலும் காற்று குளிரும் என்பதால் நீர்புகா மேலாடை தேவை. படகு கிடைக்காதவர்கள், வானம் தெளிந்த இரவில் கரையிலிருந்து தென்கிழக்கே பார்த்தால், 5 விநாடிக்கு ஒருமுறை வெள்ளொளி மின்னுவதைக் காணலாம்.