“தூக்கு, தூக்கு!”: முதலுதவி கற்றவர்களும் செய்கிற தவறுகள்

சென்னை தண்டையார்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் முதலுதவி வகுப்பு எடுக்கிறேன். கேரம் கிளப் பையன்கள், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்கள், கல்லூரிக்குப் போகும் பெண்கள் சிலர் என்று கலவையாக வருவார்கள். ஆர்வத்துக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் தெருவில் ஒன்று நடந்துவிட்டால், நாங்கள் அந்த வயதில் என்னென்ன கூத்தடித்தோமோ அதையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, தீக்காயத்தில் பேஸ்ட் தடவுவது, பாம்பு கடித்த இடத்தைக் கீறுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை தவறு என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். வகுப்பில் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, ரோட்டில் மறந்துபோகிற விஷயங்கள்தான் என் கவலை.

“தூக்கு, தூக்கு, ஆட்டோவில் போடு!”

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் அடங்காது. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். இரண்டு லாரிக்கு நடுவே புகுந்து வந்த ஒரு பைக், ஓரத்து மணலில் சறுக்கியது. ஓட்டிவந்த பையனுக்கு இருபது வயதிருக்கும். முழங்காலுக்குக் கீழே கால் கோணலாக மடங்கிக் கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது, கூப்பிட்டால் முனகினான். நான் மீடியனைத் தாண்டி அந்தப் பக்கம் போவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. ஒருவர் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்துக் கழற்றினார். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். இன்னொருவர் நல்ல காலைப் பிடித்துக்கொண்டார், உடைந்த கால் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டு வந்தது. பிளாட்பாரத்தில் உட்கார வைத்ததும் தலை முன்னால் தொங்கிவிட்டது. ஒருவர் வாட்டர் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்து, அவன் வாயில் பீய்ச்சினார். பாதி சட்டையில் வழிந்தது. மீதி உள்ளே போனது. இருமினான், வாந்தி எடுத்தான், மறுபடியும் இருமினான். அதற்குப் பிறகு மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சில் கரகரவென்று சத்தம்.

வாட்டர் பாக்கெட்டை ஓடிப்போய் வாங்கிவந்தது, என்னிடம் பயிற்சி முடித்த பையன். “தாகமா இருக்கும்லண்ணா” என்றான்.

கால் முறிவுக்கு மாவுக்கட்டோ ஆபரேஷனோ செய்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன், வாந்தியும் தண்ணீரும் நுரையீரலில் இறங்கி வென்டிலேட்டரில் கிடந்தான். கால் ஆபரேஷன் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அவன் அம்மா ஐசியூ வாசலில் யாரையும் திட்டவில்லை. “பாவம், நல்லது பண்ணத்தான் வந்தாங்க” என்றார். எனக்குத்தான் ஆறவில்லை.

அரை நினைவில் இருப்பவருக்கு விழுங்குவது சரியாக நடக்காது. வாயில் ஊற்றுவது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நல்ல நினைவோடு இருக்கிறார் என்றாலும் பெரிய அடி பட்டவருக்கு எதுவும் கொடுக்க வேண்டாம். ஆபரேஷன் தேவைப்பட்டால், வயிறு காலியாக இருந்தால்தான் மயக்க மருந்து கொடுப்பது பத்திரம். சோடா, டீ, குளுக்கோஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ரொம்பக் கெஞ்சினால் விரலை நனைத்து உதட்டில் தடவுங்கள்.

தூக்குவதில் இருப்பது இதைவிடப் பெரிய ஆபத்து. கழுத்தெலும்பு முறிந்திருந்தும் உள்ளே தண்டுவடம் தப்பித்திருக்கலாம். நாலு பேர் நாலு பக்கம் இழுத்துத் தலை தொங்கினால் அதுவும் போய்விடும். கை, கால் விழுந்துவிட்டால் அப்புறம் எந்த ஆஸ்பத்திரியும் திருப்பித் தர முடியாது.

அப்படியென்றால் என்னதான் செய்வது? முதலில் வண்டிகளை நிறுத்துங்கள். கன்டெய்னர் லாரி டிரைவர் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்குத் தரையில் கிடப்பவர் தெரியமாட்டார். ஒருவர் நூறு அடியாவது பின்னால் போய், துணியை வீசிக்கொண்டு நிற்கட்டும். இன்னொருவர் அடிபட்டவரின் தலைமாட்டில் மண்டிபோட்டு, தலையை இரண்டு கையாலும் இருக்கிறபடியே பிடித்துக்கொள்ளட்டும். “அசையாதப்பா, நாங்க இருக்கோம், ஆம்புலன்ஸ் வருது” என்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ரத்தம் கொட்டுகிற இடத்தை மூன்றாவது ஆள் துணியால் அழுத்தட்டும். இவ்வளவுதான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாம் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். “இன்னாபா வேடிக்கை பாக்குறீங்க” என்று சத்தம் போடுவார்கள். போடட்டும்.

விதிவிலக்கு உண்டு. தீ பிடிக்கிறது, தண்ணீரில் கிடக்கிறார், வண்டிகளை நிறுத்தவே முடியவில்லை என்றால், தோள்பட்டைப் பக்கச் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, தலைக்கு முன்கைகளால் முட்டுக்கொடுத்து, உடம்பு நேராக இருக்கும்படி இழுங்கள். வாந்தி வந்தால் தலையை மட்டும் திருப்பாமல், மூன்று நான்கு பேர் சேர்ந்து முழு உடம்பையும் ஒரே சமயத்தில் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். மூச்சே இல்லையென்றால் கழுத்தைப் பற்றிய கவலை இரண்டாம் பட்சம். மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சை அழுத்த ஆரம்பித்துவிடுங்கள். ஹெல்மெட்டும் அப்படித்தான்: மூச்சுக்கு இடைஞ்சலாக இருந்தால் மட்டும், ஒருவர் கழுத்தைத் தாங்க இன்னொருவர் மெதுவாகக் கழற்ற வேண்டும்.

“ஸ்டான்லி ஆஸ்பத்திரி இங்கதானே, ஆட்டோல போட்டா அஞ்சு நிமிஷம்” என்று கட்டாயம் ஒருவர் சொல்வார். அந்த ஐந்து நிமிடமும் ஆட்டோவின் பின்சீட்டில் அடிபட்டவர் மடங்கித்தான் கிடப்பார். 108 வண்டியில் ஸ்ட்ரெச்சர் இருக்கிறது, ஆக்சிஜன் இருக்கிறது, பயிற்சி பெற்றவர் இருக்கிறார். ஆம்புலன்ஸ் வரவே வழியில்லை என்றால் ஒரு பலகையோ பழைய கதவோ தேடுங்கள். தலையைப் பிடித்தவர் ஆஸ்பத்திரி வரைக்கும் கையை எடுக்கக் கூடாது.

“மூச்சு இருக்கு, விடு”

மாரடைப்பில் சுருண்டு விழுந்தவர் சில சமயம் வாயைத் திறந்து திறந்து மூடுவார். வலைபோட்டு இழுத்த மீன் படகில் கிடந்து வாயைப் பிளக்குமே, அதுபோல. நடுநடுவே ஒரு கேவல் சத்தம் வரும். அதைப் பார்த்துவிட்டு “மூச்சு வாங்குறார்” என்று விசிறிவிடுகிறார்கள். அது மூச்சு இல்லை. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் மூளை கிளப்புகிற வீண் அசைவு அது. கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் அப்போதே நெஞ்சை அழுத்த வேண்டியதுதான். நாடி பிடித்துப் பார்க்கிறேன் என்று மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருக்காதீர்கள், பதற்றத்தில் உங்கள் நாடிதான் உங்களுக்குக் கேட்கும்.

கட்டிலில் வேண்டாம், தரையில் படுக்கவையுங்கள். மார்பின் நடுவில், முழங்கை மடங்காமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டராவது உள்ளே போகிற மாதிரி. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுசாக மேலே வரட்டும். பையன்கள் எல்லோரும் பொம்மையில் ஆவேசமாக அழுத்துவார்கள், மனிதர் என்றால் தடவிக்கொடுப்பார்கள். விலா எலும்பு முறிந்தால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், களைத்துப்போனால் உங்களுக்கே தெரியாமல் ஆழம் குறைந்துவிடும்.

“யாராவது 108க்கு போடுங்கப்பா”

யாரும் போடமாட்டார்கள். கூட்டத்தில் ஒருவரைக் கைகாட்டி, “நீலச் சட்டை அண்ணா, நீங்க போடுங்க” என்று சொல்ல வேண்டும். “திருவொற்றியூர்” என்று மட்டும் சொன்னால் வண்டி தேரடியிலா விம்கோ நகரிலா என்று சுற்றும். சாலையின் எந்தப் பக்கம், எதிரில் என்ன கடை, எந்த ரயில்வே கேட் மூடிக் கிடக்கிறது, எந்த சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உள்சந்து என்றால் ஒருவர் மெயின் ரோட்டுக்கே போய் நிற்கட்டும்.

வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது

கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுப் பாறையில் வழுக்கி விழுகிறவர்களைக் கரையேற்றியதும் வழக்கமாக நடப்பது இது. தலைகீழாகப் பிடித்து ஆட்டுகிறவர்களும் உண்டு. வயிற்றில் இருக்கிற தண்ணீரால் உயிர் போகாது. அமுக்கினால் அது வாந்தியாகி மூச்சுக்குழாய்க்குள் போகும். மூழ்கியவருக்கு வேண்டியது காற்று. மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், அப்புறம் 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடருங்கள். இருமி எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் விடாதீர்கள். சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரலாம்.

ரத்தம் நின்றதா என்று துணியை எடுத்துப் பார்ப்பது

எடுக்காதீர்கள். நனைந்தால் மேலே இன்னொரு துணி.

மழைத் தண்ணீரில் விழுந்து கிடப்பவர்

முதலில் கரன்ட்டை நிறுத்துங்கள், அப்புறம்தான் ஆளைத் தொட வேண்டும்.

வீடியோ

வேண்டாம்.

“போலீஸ் கேஸ் ஆயிடும்”

ஆகாது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்தார்கள். சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மீது அதற்காக வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி சொல்லும்படியும் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பணம் யார் கட்டுவது என்று தயங்குகிறவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், தனியார் உட்பட, இலவசம். அடிபட்டவர் வெளிமாநிலத்துக்காரர் என்றாலும் கிடைக்கும். மணலி, எண்ணூர்ப் பக்கம் வேலை செய்கிற வடமாநிலப் பையன்கள் விழுந்து கிடக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

ரத்தக் கையோடு வீட்டுக்குப் போவது

பரபரப்பு அடங்கியதும் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். உங்கள் கையில் வெட்டுக்காயம் இருந்து அதில் ரத்தம் பட்டிருந்தால், அல்லது கண்ணில், வாயில் தெறித்திருந்தால், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் இன்னும் நல்லது. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்றும் அங்கே கேட்பார்கள். போடவில்லை என்றால் அன்றைக்கே முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.