வன்னியில் காணிப் பிணக்கு: எங்கே தொடங்குவது?

காணிப் பிரச்சினையோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "உங்கட காணி பெர்மிட்டா, உறுதியா?" பலர் "அப்பா காலத்துக் காணி" என்பார்கள். இதற்குச் சரியான பதில் தெரியாமல் அலுவலகம் அலுவலகமாக அலைந்து களைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: கடதாசியைப் பாருங்கள்

இலங்கையின் வன்னிப் பகுதியில் குடியேற்றத் திட்டக் காணிகள் அரச காணிகள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ கொடுத்திருப்பார்கள். பெர்மிட் என்று நாம் சொல்வது அந்த அனுமதிப்பத்திரத்தை. இவற்றுக்குப் போக வேண்டிய இடம் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவு. நொத்தாரிசு எழுதிய உறுதி என்றால் காணிப் பதிவகம்.

படி 2: கடதாசி தொலைந்திருந்தால்

2009இல் அம்மா எங்கள் பெர்மிட்டைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நந்திக்கடலைக் கடந்தா. மெனிக் பாம் முகாமில் வைத்து விரித்தபோது மடிப்பு விழுந்த இடமெல்லாம் கரைந்து, அப்பாவின் பெயரில் பாதிதான் மிச்சம். இலக்கம் மட்டும் தப்பியிருந்தது. பிறகு அந்த இலக்கத்தை வைத்துத்தான் பிரதேச செயலகப் பேரேட்டில் எங்கள் பக்கத்தைத் தேடி எடுத்தோம். உங்களிடம் இலக்கமும் இல்லையென்றால், பெர்மிட் யார் பெயரில், எந்தத் திட்டத்தில், ஏறக்குறைய எந்த ஆண்டில் கிடைத்தது என்று எழுதிக்கொண்டு போங்கள். கிராம அலுவலரின் கடிதமும் கையில் இருக்கட்டும்.

"பிறகு வாங்கோ" என்று திருப்பி அனுப்பினால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தப் பேரேட்டுப் பக்கத்தின் பிரதியை எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பம் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

உறுதி தொலைந்தவர்கள் பயப்பட வேண்டாம். நொத்தாரிசு இரண்டாம் பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார். அங்கே அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

படி 3: யாராவது வேலியைத் தள்ளிப் போட்டால்

இங்கேதான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். காலையில் எழும்பிப் பார்த்தால் உங்கள் வேலிக் கதியால்கள் பிடுங்கிக் கிடக்கின்றன, புதுக் கம்பி ஓடியிருக்கிறது என்று வையுங்கள். கத்தியோடு போய் அதை வெட்டாதீர்கள். பிடுங்கிய குழிகளின் ஈரம் காயும் முன்னம் திகதியோடு படம் எடுங்கள். அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு போட்டு, அதன் பிரதியை வாங்குங்கள்.

அப்புறம் நாட்களை எண்ணத் தொடங்குங்கள். காணிப் பிணக்கால் அமைதி குலையும் நிலை இருந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் பொலிஸார் நீதிமன்றத்தில் தகவல் தாக்கல் செய்யலாம். அவர்கள் செய்யாவிட்டால் நீங்களே சத்தியக்கடதாசியோடு தாக்கல் செய்யலாம். தாக்கல் செய்த நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவருக்குத்தான் காணியைத் திருப்பிக் கொடுக்க இந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. பொலிஸ் புத்தகத்தில் எழுதிய நாள் இதற்குக் கணக்கில் வராது, நீதிமன்றத்தில் தாக்கல் செய்த நாள்தான் கணக்கு. "பொலிஸில சொல்லியாச்சு" என்று மூன்று மாதம் வீட்டில் இருந்தவர்களுக்காக என் மனம் இன்னும் நோகிறது.

இந்த வழக்கில் நீதவான் பார்ப்பது காணி யார் கையில் இருந்தது என்பதை மட்டும். யாருக்குச் சொந்தம் என்பதை மாவட்ட நீதிமன்றம்தான் தீர்க்கும்.

படி 4: மத்தியஸ்த சபை

எல்லை, ஒழுங்கை, வாய்க்கால் போன்ற அயல்வீட்டுச் சண்டைகளுக்கு மத்தியஸ்த சபை நல்ல இடம். சட்டத்தரணிகள் அங்கே வாதாட முடியாது. இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

ஊரில் சொல்லும் சில கதைகள்

"பத்து வருஷம் இருந்தால் காணி சொந்தம்" என்பார்கள். அரச காணியில் அப்படிப் பல வருடம் இருந்ததால் மட்டும் உரிமை வராது. உறுதிக் காணியிலும், உடைமையாளரின் சம்மதத்தோடு காவலுக்கோ வாடகைக்கோ இருந்தவர் பத்து வருடம் கழிந்தது என்பதற்காக மட்டும் சொந்தக்காரர் ஆவதில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு வவுனியாவில் வீட்டை வாடகைக்குக் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதுங்கள்.

பெர்மிட் காணியை வெள்ளைத் தாளில் எழுதி வாங்காதீர்கள். நொத்தாரிசு எழுதினாலும் பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் அது செல்லாது. கொடுத்த காசும் போய்விடும்.

பெர்மிட்காரர் இறந்துவிட்டால் மனைவியோ கணவனோ ஆறு மாதத்துக்குள் காணியின் ஆட்சியை எடுக்க வேண்டும். துக்கத்தில் இருக்கும் வீட்டில் இதைச் சொல்வது கடினம்தான், ஆனாலும் யாராவது சொல்லுங்கள். பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பிறகு காணியைப் பெறுபவரை, நியமிக்காமல் இறந்தால் மகனுக்கே முன்னுரிமை என்றிருந்த முறை 2022இல் திருத்தப்பட்டது. மகள்மார் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை.

சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். பெர்மிட் அல்லது உறுதியின் பிரதி, முறைப்பாட்டுப் பிரதி, திகதியோடு எடுத்த படங்கள், மின்சாரப் பட்டியல், கிராம அலுவலரின் கடிதம், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். மூலப் பத்திரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, கேட்டால் மட்டும் காட்டுங்கள்.