தட்டை ஏன் தூக்கிப் போட்டாய்? வயதான நாய், பூனை இறக்கும்போது வீடுகளில் நடக்கும் தவறுகள்

ஜிம்மி இறந்த மறுநாள் இரவும் அம்மா தயிர்சாதம் பிசைந்தார். உப்புப் போடாமல், கைக்குழந்தைக்குப் பிசைகிற மாதிரி மசிய. எட்டரை மணிக்குக் கொல்லைப்பக்கம் போய், அவனுடைய அலுமினியத் தட்டை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தட்டு அங்கே இல்லை. காலையிலேயே அதையும் படுக்கைச் சாக்கையும் சங்கிலியையும் நான் குப்பை வண்டியில் போட்டிருந்தேன். கூடத்தில் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். நான் போனைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஊரில் எல்லோரும் பொமேரனியன் என்று சொல்கிற வெள்ளை ஸ்பிட்ஸ் அவன். 14 வயது. 'அது' என்று சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும், அதனால் இங்கேயும் அவன்தான். நாங்கள் செய்த தவறுகளையும், பின்னால் நாய், பூனை வளர்க்கும் நண்பர்கள் வீடுகளில் பார்த்தவற்றையும் சேர்த்து யோசித்தால் ஒன்று புரிகிறது. தாமதிக்கவே கூடாத ஓர் இடத்தில் தாமதிக்கிறோம். மற்ற எல்லா இடத்திலும் அவசரப்படுகிறோம்.

தானாகப் போய்ச் சேரட்டும் என்று காத்திருப்பது

தாமதிக்கிற இடம் இதுதான்.

சிறிய இன நாய்களுக்கு வயதாகும்போது இதயத்தின் மைட்ரல் வால்வு தடித்து, சரியாக மூடாமல் போவது சகஜம். ரத்தம் பின்னோக்கிக் கசியும், இதயம் பெருக்கும், கடைசியில் நுரையீரலில் நீர் கோக்கும். ஜிம்மிக்கு முதலில் ராத்திரி இருமல்தான் வந்தது. தொண்டையில் எலும்பு ஏதும் மாட்டியிருக்குமோ என்று நினைத்தோம். அப்புறம் நீர் பிரிய ஒரு மாத்திரை, இதயத்துக்கு இரண்டு. அதில் ஒரு வருடம் நன்றாகவே ஓடியது. டாக்டர் ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்: தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள், 30-க்குள் இருக்க வேண்டும், தொடர்ந்து தாண்டினால் உடனே போன் பண்ணுங்கள். அப்பா தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்புறம் எழுதி வைத்தார். 24, 26, 23. கடைசி வாரத் தாள்களில் 44, 52.

எண்களை எழுதினோம், பேச வேண்டியதைப் பேசவில்லை. கருணைக்கொலை ஊசி போடுவதா வேண்டாமா என்ற பேச்சை முதலில் எடுப்பவர்மேல் அந்தப் பழி விழுந்துவிடுமோ என்ற பயம் மூன்று பேருக்கும். "சாப்பிடுறானே, அப்புறம் என்ன" என்பார் அம்மா. சாப்பிடுவதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. மூச்சுத் திணறும்போதும், பழகிய கை ஊட்டினால் நாலு வாய் வாங்கிக்கொள்ளும் நாய்கள் உண்டு. பூனை இன்னும் அழுத்தம். வலியைக் காட்டாது, கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004-ல் ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தார். வலி (மூச்சுத் திணறலும் இதில் சேர்த்தி), பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், மோசமான நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது. ஆக ஏழு. ஒவ்வொன்றுக்கும் 10 வரை மார்க். கூட்டினால் 35-க்கு மேல் வந்தால் பராமரிப்பைத் தொடரலாம். அதற்குக் கீழே போனால் டாக்டரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். இது நகைக்கடைத் தராசு இல்லைதான். ஆனால் வீட்டில் இருப்பவர்கள் தனித்தனியாக மார்க் போட்டு ஒப்பிட்டால், வாய்விட்டுச் சொல்ல முடியாததைத் தாள் சொல்லிவிடும். எனக்கு இது ஜிம்மி போன பிறகுதான் தெரியவந்தது. சும்மா இருக்க முடியாமல் அந்தக் கடைசி வாரத்துக்குப் போட்டுப் பார்த்தேன். 19.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முழுக்க அவன் படுக்கவில்லை. முன்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினான். அந்த நேரத்தில் எந்த டாக்டரும் கிடைக்கவில்லை. திங்கள் காலை ஒன்பதரைக்குத்தான் ஊசி. முடிவை வெள்ளிக்கிழமையே எடுத்திருந்தால் அந்த ஓர் இரவு அவனுக்கு இருந்திருக்காது.

ஊசி போடும் அறையில் என்ன நடக்கும் என்று கேட்டுக்கொள்ளாமல் போவது

முன்கூட்டியே கேளுங்கள். வழக்கமாக முதலில் மயங்குவதற்கு ஓர் ஊசி. பிறகு ரத்தக் குழாயில் மயக்க மருந்தை மிக அதிக அளவில் ஏற்றுவார்கள். நினைவு முதலில் போகும், அடுத்து மூச்சு, அடுத்து இதயம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். எங்களிடம் யாரும் சொல்லாத விஷயம், கண் மூடாது என்பது. அப்பா விரலால் இமையை இறக்கி இறக்கி விட்டுக்கொண்டே இருந்தார். அதுவும் திறந்துகொண்டே இருந்தது. இறந்த பிறகு ஒன்றிரண்டு முறை மூச்சை இழுப்பது போல உடல் அசையலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் போகலாம். நினைவு போன பிறகு நடப்பவை இவை, வலி கிடையாது. தெரியாமல் நின்றால் 'இன்னும் உயிர் இருந்ததோ' என்ற சந்தேகம் மாதக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும்.

முடிந்தால் பக்கத்தில் இருங்கள். பழகிய குரல், பழகிய கை அங்கே இருப்பது நல்லது. என்னால் முடியாது என்றால், வீட்டில் வேறு யாராவது இருக்கட்டும். அதற்காக ஆயுள் முழுக்கத் தன்னையே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

அடக்கம் பற்றியும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் யோசிக்க நேரம் கிடைக்காது. சொந்த இடம் என்றால் மூன்று நான்கு அடி ஆழம் வேண்டும், கிணறு, போர்வெல்லுக்குப் பக்கத்தில் கூடாது. பருத்தித் துணியில் சுற்றுங்கள், பாலிதீனில் வேண்டாம், அது மக்காது. ஊசி போட்ட உடலாக இருந்தால் ஆழத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. ஏற்றிய மயக்க மருந்து பார்பிட்யூரேட் வகையாக இருந்தால் உடலில் தங்கிவிடும். தெருநாய் தோண்டித் தின்றால் அதன் உயிரும் போகும். இடமில்லாத அடுக்குமாடிவாசிகள், பிராணிகளுக்கான தகன வசதி எங்கே இருக்கிறது என்று டாக்டரிடமோ மாநகராட்சியிலோ இப்போதே விசாரித்து நம்பரைக் குறித்துக்கொள்ளலாம். ஏரிக்கரையில், ஆற்றில் போடுவது வேண்டாம்.

"நாய்தானே"

திங்கட்கிழமை ஆபீஸுக்குக் காய்ச்சல் என்று லீவு சொன்னேன். நாய் செத்துப்போச்சு என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார்கள், சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பார்கள். கென்னத் டோகா என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1989-ல் இந்த மாதிரித் துக்கத்தைத் தனியாகப் பிரித்து எழுதினார். சமூகம் துக்கம் என்று ஒப்புக்கொள்ளாத துக்கம். பந்தல் கிடையாது, பத்தாம் நாள் காரியம் கிடையாது, கேட்க வருகிறவர்கள் கிடையாது. அழுவதற்கே அனுமதி வேண்டும் போல இருக்கும்.

நாயை நினைத்து அழுவது வெளிநாட்டுப் பழக்கம், நமக்கு எதற்கு என்று என் மாமா ஒருவர் சொன்னார். திருவண்ணாமலை மாவட்டத்தில் தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கும் சண்டையில் செத்த வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் பக்கத்திலேயே ஒரு நாயையும் செதுக்கி, பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயர் மறந்துபோய்விடக் கூடாது என்று எங்கோ ஒரு கல் தச்சன் உளி பிடித்திருக்கிறான். மாமாவிடம் இதைச் சொன்னேன். "அது வேற" என்றார். சரி.

துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு ஒன்று: "வயசாயிடுச்சுல்ல, நல்ல சாவுதான்", "வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" இரண்டையும் விட்டுவிடுங்கள். அதன் பெயரைச் சொல்லி ஏதாவது கேளுங்கள், போதும். எங்கள் பால்காரர் வாசலில் நின்று, "காலைல என் சைக்கிள் மணிக்கு ஒரு குரல் கொடுப்பான், இன்னைக்கு வெறிச்சுனு இருக்கும்மா" என்றார். அம்மா அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதார்.

கூடவே இன்னொன்று. துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டு, வரிசையாகத் தாண்ட வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அதை எழுதியது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளோடு பேசிய அனுபவத்தை வைத்து. பிரிந்தவர்களுக்கான டைம்டேபிள் இல்லை அது. மூன்றாம் வாரம் சிரித்துவிட்டு ஆறாம் மாதம் பிஸ்கெட் பாக்கெட் பிரிக்கும் சத்தத்தில் உடைந்துபோனால், நீங்கள் எதிலும் பின்தங்கிவிடவில்லை.

குழந்தையிடம் சொல்லும் பொய்

"ஊருக்கு அனுப்பிட்டோம்." நண்பர் ஒருவர் தன் ஐந்து வயது மகளிடம் பூனையைப் பற்றி இப்படித்தான் சொன்னார். அடுத்த லீவுக்குத் தாத்தா ஊருக்குப் போனதும் அவள் வீடு வீடாகத் தேடினாள். "தூங்க வெச்சுட்டாங்க" என்பது இன்னும் ஆபத்து. அப்புறம் ராத்திரி தூங்கவே அந்தக் குழந்தை பயப்படும். செத்துப்போச்சு, இனி மூச்சு விடாது, அதுக்கு வலிக்காது, திரும்பி வராது. இப்படியே சொல்லலாம். சின்னக் குழந்தைகளுக்குச் சாவு நிரந்தரம் என்பது ஒரே தடவையில் பிடிபடாது. நாலு நாள் கழித்து மறுபடி கேட்பார்கள். அதே பதிலை அதே நிதானத்தோடு சொல்ல வேண்டும்.

வீட்டில் மிச்சம் இருப்பவர்களை மறப்பது

இன்னொரு பிராணி இருந்தால் அதைக் கவனியுங்கள். இத்தாலியில் நாய் வளர்க்கும் 426 பேரிடம் கேட்டு 2022-ல் வெளியான ஆய்வில், கூட இருந்த நாய் இறந்த பிறகு மற்ற நாயின் நடத்தை மாறியதாக 86 சதவீதம் பேர் சொன்னார்கள். சரியாகச் சாப்பிடாது, விளையாடாது, அதிகம் தூங்கும், நம்மையே ஒட்டிக்கொள்ளும். சாப்பாடு, வாக்கிங் நேரத்தை மாற்றாமல் வைத்திருங்கள். பூனை என்றால் 'துக்கத்தில் இருக்கு, விடு' என்று இருந்துவிட முடியாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம், குண்டுப் பூனைக்கு இன்னும் அதிகம்.

ஆனால் நான் மறந்தது நாயையோ பூனையையோ இல்லை, அப்பாவை. பணி ஓய்வுக்குப் பிறகு அவருடைய நாள் ஜிம்மியின் மேல்தான் நின்றது. ஐந்தரைக்குக் கதவைப் பிறாண்டுவான், அப்பா எழுந்து செருப்பு மாட்டுவார். பிள்ளையார் கோவில் வரை போய், டீக்கடையில் ஒரு டீ, அவனுக்கு ஒரு பன், திரும்பி வர ஏழு மணி. ஜிம்மிக்கு நடை தளர்ந்த பிறகு தோளில் தூக்கிக்கொண்டு போனார். அவன் போனதும் வாக்கிங் நின்றது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை, ஓய்வெடுக்கிறார் என்று நினைத்தோம். மூன்று மாதம் கழித்துச் சர்க்கரை ஏறியபோதுதான் உறைத்தது. வயதானவர்களுக்கு நாய் போகும்போது கூடவே நடை, டீக்கடைப் பேச்சு, எழுந்திருக்க ஒரு காரணம் எல்லாம் சேர்ந்து போகின்றன. முதல் வாரத்திலேயே யாராவது கூட நடக்கப் போயிருக்க வேண்டும். இப்போது ஞாயிறுகளில் நான் போகிறேன். டீக்கடைக்காரர் இன்னும் பன் எடுத்து வைக்கிறார், தெருநாய்க்குப் போடுகிறோம்.

தூக்கம், சாப்பாடு வாரக்கணக்கில் கெட்டுப்போனால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், நாய்க்காகவா என்று கூச்சப்பட வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடலாம். மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.

மறுவாரமே புதுக் குட்டி

தட்டைத் தூக்கிப் போட்ட கையோடு நான் செய்த அடுத்த வேலை, ஒரு வெள்ளைக் குட்டியைப் பத்து நாளில் பேசி முடித்தது. ஜிம்மி என்றே பெயர் வைக்கலாம் என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்தத் திட்டம் அங்கேயே முடிந்தது. நல்லவேளை. குட்டி வந்திருந்தால் தினமும் பரீட்சை எழுதியிருக்கும்: அவன் இப்படிக் கடிக்க மாட்டான், அவன் இங்கே போக மாட்டான். இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்பிட்ஸ் குட்டி 13, 14 வருடம் இருக்கும். அப்பாவுக்கு இப்போது 71. மறுபடி வளர்க்க ஆசை வந்தால் காப்பகங்களில் யாரும் சீண்டாத ஏழெட்டு வயது நாய்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கலாம் என்பது என் கட்சி. அம்மா இன்னும் எதுவும் சொல்லவில்லை.

பொருட்களை என்ன செய்வது? எதையும் செய்ய வேண்டாம். மருந்தை மட்டும் எடுத்துவிடுங்கள், மிச்ச மாத்திரையை அடுத்த வீட்டு நாய்க்குக் கொடுக்காதீர்கள். மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். யாருக்குத் தோன்றுகிறதோ, எப்போது தோன்றுகிறதோ, அவர்கள் எடுத்து வைப்பார்கள்.

என் அவசரத்தில் தப்பியது ஒன்றே ஒன்று, கேட்டில் மாட்டியிருக்கும் 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை. கூரியர் பையன்கள் இப்போதும் வெளியிலேயே நின்று, "நாயைப் பிடிச்சுக்கங்க" என்று கத்துகிறார்கள். அம்மா அடுப்படியில் இருந்தே குரல் கொடுக்கிறார்: "கட்டித்தான் போட்டிருக்கு, வாப்பா."