டாரன்டுலா பெட்டிக்குள் சூடும் ஈரமும்: நம் தர்மபுரி வெயிலுக்கு ஏற்றபடி

டாரன்டுலா என்னும் பெரிய, மயிரடர்ந்த சிலந்தியை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடுவது சூடேற்றும் பாய். அது குளிர்நாட்டுக்காரர்களுக்கு. நமக்கு வில்லன் கத்திரி வெயில்தான். பெரும்பாலான இனங்களுக்கு 22 முதல் 28 டிகிரி செல்சியஸ் போதும். 30ஐக் கொஞ்சம் தாண்டினாலும் தாங்கும். தர்மபுரியில் ஏப்ரல், மே பகல்கள் 38ஐத் தொடும். ஷீட் கூரை வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

அதனால் முதல் வேலை இடம் பார்ப்பது. என் அறையில் ஒரு மே மாத மதியம் வெப்பமானி வைத்துப் பார்த்தேன்: பரணில் 36, தரையோரம் 31. அன்றே பெட்டி அலமாரியின் கீழ்த்தட்டுக்கு வந்துவிட்டது. வெயில் விழும் ஜன்னலோரமும் பிரிட்ஜ் மேலும் கூடாது. ரொம்பக் கொதிக்கும் நாளில், உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே சாய்த்து வையுங்கள்.

அடுத்து மண். தென்னைக்குப் பஞ்சமில்லாத கிருஷ்ணகிரிப் பக்கம், பெட்டியில் மண்ணாகப் பரப்பத் தேங்காய் நார்த்தூள் சுலபமாகக் கிடைக்கும். உரம் கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள். ஊறவைத்து ஒரு கைப்பிடி அள்ளிப் பிழியுங்கள். உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. அதுதான் பதம்.

எவ்வளவு ஈரம் என்பது இனத்தைப் பொறுத்தது. மெக்சிகோ சிவப்பு முழங்கால், சிலி ரோஜா இரண்டும் வறண்ட நிலத்துக்காரர்கள். மண் காய்ந்தே இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி மட்டும் நனைத்தால் போதும். தென்னமெரிக்க மழைக்காட்டின் கோலியாத் போன்றவற்றுக்கு மூலையில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். அடிமண் ஈரமாக, மேல்மண் ஓரளவு காய்ந்து இருக்க வேண்டும். கிண்ணம் எந்த இனத்துக்கும் காலியாகக் கூடாது.

இங்கே நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஈரமானி 40 சதவீதம் காட்டியதும் பதறி, காற்றுத் துளைகளில் டேப் ஒட்டி, காலையும் மாலையும் ஸ்ப்ரே அடித்தேன். ஒரே வாரத்தில், தின்னாமல் விட்ட கரப்பான் மீது வெள்ளைப் பூஞ்சை. சிலந்தியோ மண்ணில் கால் வைக்காமல் மூடியில் தொங்கியது. வறட்சியை அது தாங்கியிருக்கும். நான் உண்டாக்கிய புழுக்கத்தைத் தாங்க முடியவில்லை. டேப்பைப் பிய்த்தேன், இரண்டு நாளில் இறங்கியது.

அப்போதிலிருந்து மானியைவிடச் சிலந்தியைத்தான் பார்க்கிறேன். சுவரிலேயே ஒட்டிக்கிடந்தால் ஈரம் அதிகம். கிண்ணத்தின் மேலேயே குந்தியிருந்தால், வயிறு சுருங்கியிருந்தால் தாகம். கால்களை அடியில் மடக்கிச் சுருண்டுவிட்டால் அவசரம்: சிலந்தி கால் நீட்டுவதே உடல் திரவத்தின் அழுத்தத்தால்தான், நீர் வற்றினால் நீட்ட முடியாது. வாய் நனையும்படி ஆழமில்லாத தண்ணீரில் உடனே வையுங்கள். ஆனால் மல்லாந்து கிடந்தால் கை வைக்கவே கூடாது, தோல் உரிக்கிறது.

ஓசூர்க்காரர்களுக்கு மட்டும் மார்கழிக் குளிர் கவலை வரும். பல்பு போடத் தோன்றும், போடாதீர்கள், மண் காய்ந்துவிடும். வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறைக்குப் பெட்டியை மாற்றினால் போதும். தீனி குறையும், நடமாட்டமும் குறையும். தை கழிந்து வெயில் ஏறினால் தானாகப் பசி எடுக்கும்.