ரைசோபியம் ஜீனோம்களை ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்

பயறுவகைச் செடிகளின் வேரில் முடிச்சுப் போட்டு, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொடுக்கும் பாக்டீரியாதான் ரைசோபியம். அவற்றின் ஜீனோம்களை, அதாவது முழு டிஎன்ஏ தொகுதிகளை, ஒப்பிட உட்கார்ந்ததும் எல்லோரும் முதலில் 16எஸ் மரம் (எல்லா பாக்டீரியாவிலும் உள்ள 16எஸ் என்ற மரபணுவை வைத்து யாருக்கு யார் உறவு என்று காட்டும் படம்) வரைவார்கள். வரையலாம், தப்பில்லை. ஆனால் அதில் இரண்டு பாக்டீரியா பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒன்று வேர் முடிச்சுப் போட்டால் மற்றதும் போடும் என்று முடிவுகட்டிவிடுகிறோம் பாருங்கள், அங்கேதான் சறுக்கல். முடிச்சுப் போடும் நாட் மரபணுக்களும் நைட்ரஜனைப் பிடிக்கும் நிஃப் மரபணுக்களும் பல சமயம் இரவல் சரக்கு, அதாவது பரம்பரையாக வராமல் வேறு பாக்டீரியாவிடமிருந்து வந்தவை.

2001இல் வெளியான சைனோரைசோபியம் மெலிலோட்டி 1021 ஜீனோமை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 67 லட்சம் கார இணைகள் (டிஎன்ஏவின் எழுத்து ஜோடிகள்), மூன்று டிஎன்ஏ துண்டுகள். நாட், நிஃப் எல்லாம் பிசிம்-ஏ என்ற 13.5 லட்சம் கார இணை கொண்ட பெரிய பிளாஸ்மிட்டில் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ) இருக்கின்றன. இரவல் நடப்பதையே கண்ணால் பார்த்ததும் உண்டு. நியூசிலாந்தில் லோட்டஸ் என்ற பயறுவகைப் பயிருக்கு (தாமரை இல்லை) மீசோரைசோபியம் என்ற முடிச்சு பாக்டீரியாவில் ஒரே ஒரு வகையைத்தான் போட்டார்கள். ஏழு வருடம் கழித்துப் பார்த்தால் அந்த மண்ணிலேயே இருந்த வேறு பாக்டீரியாக்களும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. முடிச்சு மரபணுக்கள் அடங்கிய, சுமார் 5 லட்சம் கார இணை நீளமுள்ள ஒரு துண்டு அப்படியே கை மாறியிருந்தது! அதனால் பொது மரபணுக்களுக்கு ஒரு மரம், நாட் மரபணுக்களுக்குத் தனியாக இன்னொன்று வரையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கணக்கு தப்பு என்று பதறவேண்டாம், பெரும்பாலும் சுவாரசியமான சேதியே அதுதான்.

அடுத்தது நானே மாட்டிக்கொண்டது. ஒரு வரைவு ஜீனோமில் (முழுதாக ஒட்டி முடிக்காதது) நிஃப் மரபணுக்களில் ஒன்றான நிஃப்-எச் காணவில்லை, 'இந்த வகை நைட்ரஜன் பிடிக்கும் திறனை இழந்துவிட்டது' என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்துவிட்டேன். அப்புறம் கான்டிக்குகளின் (ஒட்டிக் கிடைத்த டிஎன்ஏ துண்டுகளின்) முனைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால், பாதிக்கு மேல் தாவும் மரபணுக்களில் (ஜீனோமுக்குள் இடம் மாறி, ஒரே மாதிரி பல இடங்களில் இருப்பவை) போய் அறுந்து நிற்கின்றன. நாட், நிஃப் இருக்கும் சிம்பயாடிக் பகுதியில் இவை நெருக்கமாகக் கிடப்பதால் குட்டை ரீடுகளை (இயந்திரம் படித்துத் தரும் சின்னச் சின்ன டிஎன்ஏ துணுக்குகளை) வைத்து ஒட்டினால் அந்த இடம்தான் முதலில் சிதறும். ரைசோபியம் எட்லி சிஎஃப்என்42 என்ற வகையில் நிஃப்-எச் மூன்று நகல்கள் உண்டு, குட்டை ரீடில் அவை ஒன்றாகவே சுருங்கிவிடலாம். 'இல்லை' என்று எழுதுமுன் மூல ரீடுகளில் ஒருமுறை தேடிவிடுங்கள், முடிந்தால் நீள ரீடும் எடுங்கள்.

நிஃப் இருந்தாலே ரைசோபியம் என்பதும் கிடையாது. அசோஸ்பைரில்லம் என்ற மண் பாக்டீரியாவுக்கும் நிஃப் உண்டு, முடிச்சுதான் போடாது. தலைகீழாகவும் ஏமாறலாம். தஞ்சாவூரில் சிற்பம் செய்கிறார்களே நெட்டி, அந்தப் பேரினத்துச் செடிகளில் முடிச்சுப் போடும் பிராடிரைசோபியம் வகைகள் இரண்டில் (பிடிஏஐ1, ஓஆர்எஸ்278) முடிச்சுக்கு அடிப்படை என்று நினைக்கும் நாட்-ஏ, பி, சி மூன்றுமே இல்லை என்று 2007இல் தெரியவந்தது. மரபணுப் பட்டியலில் டிக் அடித்துப் பார்த்தால் இரண்டும் தோற்றிருக்கும், செடியில் வைத்துப் பார்த்தால் முடிச்சு வருகிறது.

ஒரு ஜீனோமின் மரபணுக்களை ஒரு மென்பொருளிலும் மற்றதை வேறொன்றிலும் கண்டுபிடித்துப் பெயரிட்டுவிட்டு 'தனித்துவமான மரபணுக்கள்' என்று எண்ணாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் மறுபடி ஓட்டினால் அந்த எண்ணிக்கை சட்டென்று இறங்கும்.

கடைசியாக, முடிச்சுப் போடாத உறவுகளை வெளியே தள்ளாதீர்கள். அக்ரோபாக்டீரியமும் மாட்டுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும் புருசெல்லாவும் ரைசோபியத்தின் அதே வரிசையை (வகைப்பாட்டில் 'ஆர்டர்') சேர்ந்தவை. மேலே பார்த்த மெலிலோட்டிக்கு முடிச்சுக்குள் பிழைத்திருக்க பாக்-ஏ மரபணு வேண்டும். புருசெல்லா அபார்டஸ் எலியின் உடலில் நீண்ட நாள் தங்கவும் அதே மரபணுதான் வேண்டும். முடிச்சுப் போடுபவற்றை மட்டும் ஒப்பிட்டிருந்தால் பாக்-ஏவை முடிச்சுக்கென்றே வந்த மரபணு என்று எழுதியிருப்போம்.