ஹெச்.டி.ஆர் வீடியோவை நிறம் வெளிறாமல் எக்ஸ்போர்ட் செய்வது எப்படி?

சின்னமுட்டம் துறைமுகத்திலிருந்து விசைப்படகுகள் விடியலில் புறப்படுவதை ஐபோனில் படம்பிடித்திருந்தேன். போனில் பார்த்தபோது கதிரவனைச் சுற்றிய செம்மஞ்சளும், படகின் நிழல்பக்கத்தில் குவித்து வைத்திருந்த நீல வலையும் ஒருசேரத் தெளிவாகத் தெரிந்தன. எடிட் செய்து எடுத்த கோப்பிலோ வானம் சாம்பல் பூசியதுபோல் வெளிறிக் கிடந்தது. மிகுந்த வெளிச்சமும் நிழலும் ஒருசேரத் தெரியும்படி பதியும் ஹெச்.டி.ஆர் பதிவைச் சாதாரண வீடியோவுக்கான ப்ராஜெக்டில் போட்டு, சாதாரண வீடியோ என்ற அடையாளத்துடனேயே வெளியே எடுத்ததுதான் காரணம்.

சாதாரண வீடியோ ஏறக்குறைய 100 நிட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தை அளவாகக் கொண்டது, ஹெச்.டி.ஆர் 1000 நிட்டையும் தாண்டக்கூடியது. இந்த வெளிச்சத்தைக் கோப்பில் பதிய பி.க்யூ, ஹெச்.எல்.ஜி என இரு முறைகள் உண்டு. பி.பி.சி-யும் ஜப்பானின் என்.ஹெச்.கே-வும் சேர்ந்து உருவாக்கிய ஹெச்.எல்.ஜி, பழைய திரைகளிலும் ஓரளவு ஒழுங்காகத் தெரியும் என்பதால், புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே எடுத்துக்கொள்வது நல்லது. ஐபோன் 12 முதலான போன்களின் ஹெச்.டி.ஆர் பதிவும் ஹெச்.எல்.ஜி-யை அடிப்படையாகக் கொண்டதே.

இங்கே டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளை வைத்து விளக்குகிறேன். முதலில் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் கலர் மேனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்து, கலர் சயின்ஸ் என்ற இடத்தில் ‘டாவின்சி ஒய்.ஆர்.ஜி.பி கலர் மேனேஜ்ட்’ என்பதையும், அவுட்புட் கலர் ஸ்பேஸில் (வெளியே எடுக்கும் கோப்பின் நிற முறை) ஹெச்.எல்.ஜி என்று முடியும் தேர்வையும் வையுங்கள். எடிட்டிங்கைத் தொடங்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். நிறத்தைத் திருத்தி முடித்தபின் மாற்றினால், செய்த திருத்தமெல்லாம் தலைகீழாகிவிடும்.

அடுத்து, மீடியா பூலில் (ப்ராஜெக்டின் கோப்புகள் சேரும் இடம்) உள்ள காட்சி வெளிறித் தெரிந்தால், அதன்மேல் ரைட் கிளிக் செய்து, இன்புட் கலர் ஸ்பேஸ் ‘ரெக்.2100 ஹெச்.எல்.ஜி’ என்று குறியுங்கள். சாதாரண மானிட்டரில் வெளிச்சத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது என்பதால், வெளிச்சத்தை அளந்து காட்டும் ஸ்கோப் வரைபடத்தையே நம்புங்கள். தலைப்பு எழுத்துகளின் வெள்ளையை உச்சத்தில் விடாமல், ஹெச்.எல்.ஜி அளவில் 75 சதவீதத்தை ஒட்டி நிறுத்துங்கள். 1000 நிட் திரையில் அது 203 நிட். இதைக் கவனிக்காத கல்யாண வீடியோக்களில் மணமக்கள் பெயர், அவர்கள் முகத்தைவிடப் பளீரென்று கண்ணைக் கூச வைக்கும்.

இனி, கோப்பை வெளியே எடுக்கும் டெலிவர் பக்கம். கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) ஹெச்.265, என்கோடிங் ப்ரொஃபைல் ‘மெயின்10’, அதாவது 10 பிட். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உண்டு, 10 பிட்டில் 1024. விடியல் வானம்போல் மெல்ல மெல்ல நிறம் மாறும் காட்சியில், படிகள் குறைந்தால் பட்டை பட்டையாகக் கோடு விழும். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் கோப்பின் நிற அடையாளங்களான கலர் ஸ்பேஸ் டேக், காமா டேக் இரண்டும் ‘சேம் ஆஸ் ப்ராஜெக்ட்’ என்றிருக்கட்டும். யூடியூபுக்கான 4கே, 30 பிரேம் வீடியோ என்றால், வினாடிக்கு 44 முதல் 56 மெகாபிட் பிட்ரேட் போதும்.

கோப்பு தயாரானதும் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து, 10 பிட்ஸ், பி.டி.2020 (ஹெச்.டி.ஆரின் நிற வரம்பு), ஹெச்.எல்.ஜி ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் டெலிவர் பக்கத்துக்குத் திரும்புங்கள். யூடியூபில் ஏற்றிய சிறிது நேரத்துக்குச் சாதாரண வடிவமே ஓடும். தரத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் ஹெச்.டி.ஆர் என்ற சொல் தோன்றும்வரை, வீடியோவை அழித்துவிட்டு மறுபடி ஏற்றாமல் காத்திருங்கள்.